சேவைத் தடையை எந்த வகையில் பதிவு செய்வது? சர்வீஸ் டெஸ்க் அனுபவம்

பிரிட்டனில் கடைகள் நடத்தும் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் கணினிச் சேவைகளைச் சென்னை ஓ.எம்.ஆரிலிருந்து கவனித்துக்கொள்ளும் சர்வீஸ் டெஸ்க்கில் (பழுதுப் புகார்களை வாங்கித் தீர்க்கும் உதவி மேசையில்) நான் பல ஆண்டுகள் இன்சிடென்ட் மேனேஜராக, அதாவது சேவைத் தடைகளைக் கையாளும் பொறுப்பாளராக, வேலை பார்த்தேன். கடைப் பணியாளர் ஒருவர் "டில் வேலை செய்யவில்லை" என்று, அதாவது பில் போடும் இயந்திரம் நின்றுவிட்டது என்று, தொலைபேசியில் சொல்வதில் தொடங்கி, அந்தப் புகாருக்கான பதிவு (டிக்கெட்) மூடப்பட்டு மாத அறிக்கையில் ஓர் எண்ணாக முடிவது வரை, அதில் ஏற்றப்படும் விவரங்களில் எவை பின்னால் யாருக்காவது பயன்பட்டன, எவை வெறும் சடங்காக நின்றுபோயின என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அந்த வேலையில் நிறையக் கிடைத்தது. அதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. டிக்கெட்டைத் திறக்கும்போது நமக்குத் தெரிவது பயனர் எதைச் செய்ய முடியாமல் நிற்கிறார் என்பது மட்டும்தான். காரணம் தெரிவது மூடும்போது. இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கும் பதிவுமுறையை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினாலும் அதிலிருந்து வரும் அறிக்கை தவறாகவே இருக்கும்.

முதலில், எதை இன்சிடென்ட் என்று பதிவு செய்வது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டன் அரசின் கணினி, தொலைத்தொடர்பு முகமையான சிசிடிஏவில் உருவாகி, 2019இல் நான்காம் பதிப்பைக் கண்ட, கணினிச் சேவை மேலாண்மைக்கான ஐடிஐஎல் நெறிமுறை, திட்டமிடாமல் ஏற்படும் தடையை மட்டுமன்றிச் சேவையின் தரம் குறைவதையும் இன்சிடென்ட் என்றே சொல்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள்கூட அந்தப் பின்பாதியை வேலை நேரத்தில் மறந்துவிடுகிறார்கள். ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் விலை திரையில் வர நான்கு விநாடி ஆகிறது என்று கடையிலிருந்து சொன்னால், "விலை வருகிறதல்லவா, அப்படியானால் இயங்குகிறது" என்று அதை ஆலோசனை அழைப்பாக முடித்துவிடுவார்கள். அந்த நான்கு விநாடிதான் பல நாட்களில் முழுத் தடையின் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. எங்கள் குழுவில் புதியவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த வரையறை எளிமையானது: முன்பு செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியவில்லை, அல்லது செய்யக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்றால் அது இன்சிடென்ட், முன்பு இல்லாத ஒன்றைக் கேட்டால் அது சர்வீஸ் ரிக்வெஸ்ட். அனுமதிக்கப்பட்ட பராமரிப்பு நேரத்துக்குள் சேவை நின்றிருந்தால் அது இன்சிடென்ட் ஆகாது. ஆனால் அந்த நேரம் முடிந்த பிறகும் சேவை திரும்பவில்லையென்றால் அந்த நிமிடத்திலிருந்து இன்சிடென்ட் என்று பதிவு செய்தே ஆக வேண்டும். மாற்றத்தைச் செய்துகொண்டிருக்கும் குழு "இன்னும் பத்து நிமிடம்" என்று கேட்பது இதற்கு விலக்கு ஆகாது.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். சில கடைகளில் கார்டு மெஷின்கள் இணைப்பு இல்லை என்று காட்டத் தொடங்கிய ஒரு காலையில், ஷிஃப்டில் இருந்த புதிய தம்பி தலையைத் திருப்பி, "அக்கா, 'நோ கனெக்ஷன்'னு வருதாம், நெட்வொர்க்ல போட்டுடவா?" என்று கேட்டார். "கடையில என்ன செய்ய முடியலன்னு கேட்டீங்களா? கேஷ் வாங்க முடியுதா, ரீஃபண்ட் போகுதா?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த ஷிஃப்ட் லீட் திருப்பிக் கேட்டார். அப்போது எங்களிடமிருந்த, டிக்கெட் பதியும் கருவியில் (மென்பொருளில்) வகைப் பட்டியல் நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ், அப்ளிகேஷன் என்று தொழில்நுட்ப அடுக்குகளாக மட்டுமே இருந்ததால், வேறு வழியில்லாமல் அது நெட்வொர்க்கிலேயே ஏறியது. நெட்வொர்க் குழு லிங்க் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது. டில் அப்ளிகேஷன் குழு வாங்கிப் பார்த்துக் கார்டு கட்டணங்களை வங்கிகளுக்குக் கொண்டுசேர்க்கும் கட்டண கேட்வே நிறுவனத்துக்குத் தள்ளியது. அவர்கள் தங்களிடம் கோரிக்கையே வந்து சேரவில்லை என்றார்கள். கடைசியில், டில்லுக்கும் கேட்வேக்கும் நடுவில் கட்டணக் கோரிக்கைகளைக் கடத்தும் பேமென்ட் ஸ்விட்ச் சர்வரில், இணைப்பு நம்பகமானது என்று காட்டும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது தெரியவந்தது. புதுப்பித்தார்கள், கட்டணம் போனது, டிக்கெட்டை மூடினார்கள். வகை மட்டும் நெட்வொர்க்காகவே இருந்துவிட்டது.

அந்த மாத அறிக்கையில் நெட்வொர்க் குழுவின் கணக்கில் ஒரு பெரிய தடை கூடியது, அதைப் பற்றிய வாக்குவாதம் ஒரு கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் தெரிந்தது. சான்றிதழ்களின் காலாவதி தேதிகளைக் கண்காணிக்க ஒரு கருவி வாங்க வேண்டும் என்று பாதுகாப்புக் குழு கேட்டபோது, "இதனால் எத்தனை முறை தடை ஏற்பட்டது?" என்று நிதிப் பிரிவு கேட்டது. அறிக்கையில் அப்படி ஒரு வரியே இல்லை. ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து பழைய டிக்கெட்டுகளின் வொர்க் நோட்ஸில் (வேலைக் குறிப்புகளில்) சொல் தேடல் நடத்தியதில், நெட்வொர்க் என்றும் சர்வர் என்றும் அப்ளிகேஷன் என்றும் 'மற்றவை' என்றும் சிதறிக் கிடந்த பதிவுகளில் அதே காரணம் திரும்பத் திரும்ப வந்தது.

இதற்குப் பிறகு கருவியில் செய்த மாற்றம் சிறியதுதான். திறக்கும்போது நிரப்பும் வகையைப் பயனரின் சேவையாக மாற்றினோம்: கடையில் கார்டு கட்டணம், கடையில் விலை காட்டுதல், கிடங்கு ஸ்கேனர், ஆன்லைன் ஆர்டர், ஊழியர் மின்னஞ்சல் என்று. கடைக்காரர் சொல்வதைக் கேட்டாலே இதை நிரப்பிவிடலாம், ஊகம் தேவைப்படாது. மூடும்போது நிரப்பும் கட்டம் தனி. அதில் காரணம், பழுதான பாகம், அதைச் சரிசெய்த குழு ஆகியவை வரும். முதல் கட்டத்தைப் பிறகு யாரும் திருத்தக் கூடாது, இரண்டாவதை நிரப்பாமல் மூட முடியாது. எந்தக் குழுவுக்கு டிக்கெட் போக வேண்டும் என்பதை வகையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தோம். ஏனென்றால் வகையே குழுவைத் தீர்மானிக்கும் அமைப்பில், டிக்கெட்டைத் தள்ளிவிட விரும்புபவர் முதலில் மாற்றுவது வகையைத்தான்.

அறிகுறிக்கும் காரணத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு, புதியவர்களுக்கான பயிற்சியில் நான் 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோனதை எடுத்துச் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) பதில் தரவில்லை என்பதே. ஆனால் அந்த நிறுவனம் பிறகு விளக்கியபடி, வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்களை எந்த வழியில் எட்டலாம் என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி வழி அறிவிப்புகளைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன. முதல் அரை மணி நேரத்தில் 'டிஎன்எஸ் பழுது' என்று வகைப்படுத்தியவரைக் குறை சொல்ல முடியாது. அதே வகை மூடும்போதும் நின்றுவிட்டால்தான் குறை.

வகை மரத்தின், அதாவது வகை, உள்வகை என்று இறங்கும் பட்டியலின், ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியை நிறுவித் தரும் ஆலோசகர்கள் ஐந்தாறு அடுக்கு கொண்ட மரத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுமுனையில் ஒருவர் காத்திருக்க, வரிசையில் இன்னும் பல அழைப்புகள் நிற்க, அந்த மரத்தில் இறங்கித் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. எந்த அடுக்கிலும் 'மற்றவை' கடைசியில் காத்திருக்கிறது. இரண்டு அடுக்குகள் போதும், மிஞ்சினால் மூன்று. நுணுக்கமான விவரம் வேண்டுமென்றால், எந்த டில், எந்த சர்வர் என்பதைச் சொத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் தனிக் கட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். சர்வீஸ்நவ், ஜிரா, சென்னையில் வேர்கொண்ட ஜோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என எந்தக் கருவியிலும் இதற்கு இடம் இருக்கிறது. 'மற்றவை'யை முழுக்க நீக்கிவிடுவதும் சரியான வழியல்ல. நீக்கினால் பட்டியலின் முதல் வரியில் இருப்பது எதுவோ அது 'மற்றவை' ஆகிவிடும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

முன்னுரிமையில் விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பாதிப்பின் பரப்பும் அவசரமும் சந்திக்கும் கட்டத்தில் பி1, பி2 என்று எழுதியிருக்கும், பி1தான் மிக உயர்ந்தது. பரப்பைக் கணக்கிடுவது எளிது, அவசரம்தான் இழுபறி. இரவு 10 மணிக்கு எல்லாக் கடைகளுக்கும் போக வேண்டிய விலைக் கோப்பு போகவில்லை என்றால், பரப்பு முழு நிறுவனமும். ஆனால் காலை 7 மணிக்குக் கடை திறக்கும் வரை ஒருவருக்கும் பாதிப்பு இல்லை. அதைப் பி1 என்று போட்டு எல்லோரையும் எழுப்புவதும் தவறு, பி3 என்று போட்டு விடியும் வரை விட்டுவைப்பதும் தவறு. பி2 என்று பதிந்து, "காலை 5 மணிக்குள் தீராவிட்டால் பி1" என்று அந்தப் பதிவிலேயே எழுதிவைப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது. தலைமை அலுவலகத்தின் பெரிய அதிகாரி ஒருவரின் அவுட்லுக் திறக்கவில்லை என்பதற்காகப் பி2 போடும் பழக்கமும் உண்டு. அவரை விரைவாகக் கவனிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு விஐபி என்று தனிக் குறி போடலாம், பாதிப்பின் அளவைப் பொய்யாக எழுத வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், பி1க்கு அபராதம் உள்ள ஒப்பந்தங்களில், "இது உண்மையில் பி2தானே" என்ற தொலைபேசி அழைப்பு டெலிவரி மேலாளரிடமிருந்து வராமல் இருக்காது. குறைப்பதற்கு நியாயமான காரணம் இருந்தால் குறைக்கலாம். ஆனால் முதலில் போட்ட முன்னுரிமை அழியாத கட்டமாக இருக்க வேண்டும், யார் எந்தக் காரணத்துக்காக மாற்றினார் என்பது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதிவில் மிக அலட்சியமாக நடத்தப்படுவது நேரம். ஒரு தடைக்குக் குறைந்தது ஐந்து நேரங்கள் உண்டு: தொடங்கியது, கண்டுபிடித்தது, பதிவு செய்தது, சேவை மீண்டது, டிக்கெட் மூடியது. கருவி தானாகக் குறித்துக்கொள்வது மூன்றாவதையும் ஐந்தாவதையும் மட்டுமே. அறிக்கை எடுப்பவர் அந்த இரண்டையும் கழித்துவிட்டு அதைத் தடையின் நீளம் என்று போட்டுவிடுகிறார். மேலே சொன்ன விலைக் கோப்பு இரவு 10 மணிக்குத் தவறி, மறுநாள் காலை 7.40க்கு ஒரு கடை கூப்பிட்ட பிறகு டிக்கெட் திறக்கப்பட்டு, 9 மணிக்குச் சரியாகி, பயனரின் ஒப்புதல் வந்து இரண்டு நாள் கழித்து மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியின் கணக்கில் இது இரண்டு நாள் தடை. கடைகளைப் பொறுத்தவரை 7 மணி முதல் 9 மணி வரை இரண்டு மணி நேரம். கண்காணிப்பு அமைப்பைப் பொறுத்தவரை, பத்து மணி நேரத்துக்கு நெருக்கமாக எவரும் கவனிக்காமல் இருந்த ஒரு தவறு. திருத்த வேண்டியது உண்மையில் இந்தக் கடைசி எண்ணைத்தான், அது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஆகவே தொடங்கிய நேரத்தையும் மீண்ட நேரத்தையும் கையால் நிரப்பும் கட்டாயக் கட்டங்களாக வைக்க வேண்டும், தொடங்கிய நேரத்தை லாக்கை (கணினி தானாக எழுதும் பதிவை) பார்த்துப் பிறகு திருத்த அனுமதிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து லண்டன் நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குப் பிரிட்டனின் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பும்போது, 1.20 என்ற நேரம் அன்று இரண்டு முறை வரும். அந்த இரவில் ஓடும் பேட்ச் ஜாபுகளில் (தொகுப்பாக ஓடும் தானியங்கி வேலைகளில்) ஏதாவது தவறினால், உள்ளூர் நேரத்தில் எழுதிய குறிப்புகளில் விளைவு முதலிலும் காரணம் அடுத்தும் நடந்ததாகத் தெரியும். இந்திய நேரத்தில் எழுதியவரின் குறிப்பும் அதில் கலந்துவிட்டால் வரிசையைக் கட்டவே முடியாது. வொர்க் நோட்ஸில் எப்போதும் யுடிசி (கோடைக்கால மாற்றம் இல்லாத உலகப் பொது நேரம்), வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியில் மட்டும் லண்டன் நேரம் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். கணினிகளின் கடிகாரங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையென்றால் இதுவும் உதவாது. இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது; லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது.

அதே உத்தரவு, பட்டியலிட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. பிரிட்டனில் தனிநபர் தரவு கசிந்து அது தெரியவந்தால், பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கெடுக்கள் வகைப்பாட்டோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தங்கள் கணக்கு பூட்டிக்கொண்டது என்கிறார்கள். அழைப்பெடுக்கும் முதல் நிலை ஊழியர் ஒவ்வொன்றையும் கடவுச்சொல் ரிக்வெஸ்டாகப் பதிந்து, பூட்டைத் திறந்து, மூடுகிறார். அவர் அளவில் வேலை சுத்தம். ஆனால் ரிக்வெஸ்டுகள் இன்சிடென்ட் பலகையில் தெரியாததால், யாரோ கடவுச்சொற்களை முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற சந்தேகம் எவருக்கும் எழுவதில்லை. ஒரே இடத்திலிருந்து குறுகிய நேரத்தில் அதே ரிக்வெஸ்ட் குவிந்தால் தானாக எச்சரிக்கை எழும் விதியைக் கருவியில் எழுதிவைப்பது அரை நாள் வேலை.

வொர்க் நோட்ஸ் எழுதுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் "ரீஸ்டார்ட் செய்தோம், சரியாகிவிட்டது" என்ற வரி ஒழிவதில்லை. ஷிஃப்ட் மாறி வருபவருக்கு உதவும் குறிப்பு இப்படி இருக்கும்: "10:42 யுடிசி. இரண்டாம், ஐந்தாம் டில்களில் கார்டு கட்டணம் போகவில்லை. பிழைத் திரையின் படம் இணைப்பில். முதல் டில் சரியாக இயங்குகிறது. பணம் வாங்க முடிகிறது. இரண்டாம் டில்லில் லாக் எடுத்தாயிற்று. ஐந்தாம் டில்லில் இன்னும் எடுக்கவில்லை, எடுக்கும் வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்." இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, எது இயங்குகிறது என்பதும் எதை இன்னும் செய்யவில்லை என்பதும். பழுதானதை எல்லோரும் எழுதிவிடுவார்கள்; இயங்கும் முதல் டில்தான் தேடலைப் பாதியாகக் குறைக்கிறது.

காத்திருப்பு நிலையையும் கவனிக்க வேண்டும். பயனரின் பதிலுக்குக் காத்திருப்பதாகப் போட்டால் எஸ்எல்ஏ கடிகாரம், அதாவது ஒப்பந்தப்படி தீர்க்க வேண்டிய நேரத்தின் கணக்கு, நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே வெள்ளிக்கிழமை மாலைகளில் பயனர்கள் திடீரென்று பதில் சொல்லாதவர்களாகிவிடுகிறார்கள். என்ன கேள்வி, யாரிடம், எப்போது கேட்கப்பட்டது என்று எழுதாமல் அந்த நிலைக்கு மாற்ற முடியாதபடி செய்தால் இது வெகுவாகக் குறையும். நாம் அமர்த்திய வெளி நிறுவனத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளரின் கடிகாரம் நிற்கக் கூடாது.

பெருந்தடை நாட்களில் தனி டிக்கெட்டுகளின் வெள்ளத்தைத் தாய் டிக்கெட் ஒன்றின் கீழ் கட்ட வேண்டியிருக்கும். கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, யுடிசி நேரம் 04:09க்குக் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான உள்ளடக்கப் புதுப்பிப்பால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் ஊரில் அப்போது காலை 9.39. ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அதற்குச் சில மணி நேரம் முன்பே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் மத்திய அமெரிக்கப் பிராந்தியத்தில் வேறொரு தடை தொடங்கியிருந்தது. காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் "மைக்ரோசாஃப்ட் விழுந்துவிட்டது" என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் பலர் சேர்த்துவிட்டார்கள். நீலத் திரை கண்ட பெரும்பாலான கணினிகளில் ஒருவர் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. அஷூரை நம்பியிருந்த சேவை தானாக மீளக் காத்திருந்தால் போதும். ஒரே தாயின் கீழ் எல்லாவற்றையும் கட்டிவிட்டால், தாயை மூடும்போது குழந்தை டிக்கெட்டுகளும் தானாக மூடிக்கொள்ளும். நீலத் திரையோடு நிற்கும் கணினிக்கு 'தீர்ந்தது' என்று மின்னஞ்சல் போகும். அதனால் இத்தகைய நாட்களில் தானாக மூடும் வசதியை நிறுத்திவைப்போம்.

பதிவுக் கருவியே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டி முடிவு செய்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று தவறாகத் தட்டச்சான ஒரு கட்டளையால் அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை வட வர்ஜீனியா பிராந்தியத்தில் நின்றபோது, அந்த நிறுவனத்தின் சேவை நிலைப் பலகையைப் புதுப்பிக்கும் வசதியும் எஸ்3யையே நம்பியிருந்ததால், தடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் பலகையில் அதைக் காட்ட முடியவில்லை. எங்கள் மேசையில் அச்சிட்ட படிவங்கள் ஒரு கோப்பில் இருந்தன. நேரம், கடை, செய்ய முடியாதது, தொடர்பு எண், பதிவு செய்தவர் என்று ஐந்தே கட்டங்கள். பிறகு கருவியில் ஏற்றும்போது படிவத்தில் உள்ள நேரத்தைத்தான் போட வேண்டும், ஏற்றிய நேரத்தை அல்ல.

மூடும்போது தற்காலிக வழியா நிரந்தரத் தீர்வா என்று பிரித்துக் குறிப்பது அவசியம். தற்காலிக வழியென்றால், மூல காரணத்தைத் தேடும் ப்ராப்ளம் பதிவு ஒன்றைத் திறந்து அதன் எண்ணை இணைக்காமல் மூட விடக் கூடாது. மற்றபடி, மூடும் குறியீடுகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

வகைப் பட்டியலைப் பராமரிக்க மாதத்துக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணியில் அழைப்பெடுக்கும் முதல் நிலை ஊழியர்கள் இருக்க வேண்டும். மேலாளர்கள் மட்டும் உட்கார்ந்தால் பட்டியல் அழகாகவும் பயனற்றதாகவும் ஆகிவிடும். 'மற்றவை'யில் விழுந்தவற்றைத் திரையில் ஓடவிட்டு, திரும்பத் திரும்ப வருவதற்குப் புதிய வகை தரலாம், யாரும் தொடாத வகையை எடுத்துவிடலாம். எடுப்பதென்றால் அழித்துவிடக் கூடாது, பழைய டிக்கெட்டுகளில் அது தொடர்ந்து தெரியும்படி செயலற்றதாக மட்டும் ஆக்க வேண்டும். மாற்றிய தேதியை அறிக்கையின் அடிக்குறிப்பில் போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் மார்ச் வரை ஏறிக்கொண்டிருந்த கோடு ஏப்ரலில் சரிவதைப் பார்த்துவிட்டு, வகையைப் பிரித்ததால் வந்த சரிவுக்காக ஏதாவது ஒரு குழுவுக்குப் பாராட்டு மின்னஞ்சல் போய்விடும்.